மடங்கும் சக்கரமா, நிலைச்சக்கரமா?

தொழிற்சாலை விமானத்தை விலைக்கு வாங்காமல், வரைபடங்களையோ உதிரிப்பாகத் தொகுப்பையோ தருவித்து, வீட்டுக் கொட்டகையிலும் கார் நிறுத்துமிடத்திலும் தம் கையாலேயே சிறு விமானம் கட்டிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வேரூன்றியிருக்கிறது. 1953இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபெரெஸ்னி தொடங்கிய 'எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராப்ட் அசோசியேஷன்' என்ற சங்கம் இவ்வழக்கத்துக்கு முதுகெலும்பாக இருந்துவருகிறது. 1970 முதல் ஆஷ்காஷ் நகரில் அது நடத்தும் ஆண்டு விழாவுக்குச் சொந்தமாகக் கட்டிய விமானங்கள் பெருந்தொகையாக வந்திறங்குகின்றன. வேலையின் பெரும்பகுதியை ஆர்வலர் தம் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே செய்திருந்தால், அதைச் சோதனை வகை விமானமாகப் பதிவுசெய்ய அமெரிக்கச் சட்டம் இடம்தருகிறது. இவ்வாறு கட்டத் துணிபவர் முதல் ஆணியை அறைவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டியவற்றுள் ஒன்று, லேண்டிங் கியர் எனப்படும் தரையிறங்கு சக்கர அமைப்பு பறக்கும்போது இறக்கைக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ மடங்கிக்கொள்ள வேண்டுமா, அல்லது எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டே இருக்கலாமா என்பதாகும். முன்னதை மடங்கும் சக்கரம் என்றும் பின்னதை நிலைச்சக்கரம் என்றும் இங்கே வழங்கலாம்.

சக்கரத்தை மடக்குவதற்குச் சொல்லப்படும் காரணம் வேகம். காற்றில் விரையும் எந்தப் பொருளையும் காற்று பின்னோக்கித் தடுக்கிறது. இத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அதை வெல்ல எஞ்சின் செலவிட வேண்டிய திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. இந்த மும்மடிக் கணக்கு கட்டுபவருக்குச் சாதகமானதன்று. ஒரு விமானத்தின் மொத்தக் காற்றுத்தடையில் பத்து விழுக்காடு சக்கரங்களால் வருவதாகவும், அவற்றை மடக்கியதும் அது முழுவதும் ஒழிந்துவிடுவதாகவும் வைத்துக்கொண்டால், எஞ்சின் திறன் மாறாத நிலையில் வேகம் பத்து விழுக்காடு கூடுவதில்லை, ஏறத்தாழ மூன்றரை விழுக்காடுதான் கூடுகிறது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துவந்த விமானம் 311 கிலோமீட்டரை எட்டும். 500 கிலோமீட்டர்ப் பயணம் 100 நிமிடத்திலிருந்து 96½ நிமிடமாகக் குறையும். தடையில் இருபது விழுக்காடு ஒழிந்ததாகக் கொண்டாலும் மிச்சமாவது ஏழு நிமிடமே. விமானத்தைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி, எரிபொருள் நிரப்பி, எஞ்சினைச் சூடேற்றி, ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்து செல்வதற்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இந்த ஏழு நிமிடத்தின் மதிப்பு விளங்கும்.

ஆயினும் பழைய விமானங்களில் சக்கரங்களால் வந்த இழப்பு பத்து இருபது விழுக்காட்டோடு நின்றதில்லை. அமெரிக்க அரசின் நாகா ஆய்வமைப்பு 1920களின் பிற்பகுதியில் தன் பெரிய காற்றுச் சுரங்கத்தில் ஸ்பெரி மெசஞ்சர் என்ற சிறு விமானத்தை முழு அளவில் நிறுத்திச் சோதித்தபோது, அதன் மொத்தத் தடையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு சக்கர அமைப்பிலிருந்தே வருவது தெரிந்தது. குழாய்க் கால்களும் இழுகம்பிகளும் திறந்த சக்கரங்களும் காற்றை அவ்வளவு குலைத்தன. போயிங் நிறுவனத்தின் மோனோமெயில் 1930இலும், லாக்ஹீடின் ஓரையன் 1931இலும் மடங்கும் சக்கரங்களோடு வெளிவந்ததற்கு இதுவே பின்னணி. அதே ஆண்டுகளில் ஜான் நார்த்ராப் என்ற சிறந்த வடிவமைப்பாளர் வேறு வழியில் சென்றார். தம் ஆல்ஃபா, காமா விமானங்களின் சக்கரங்களை மடக்காமல், காலையும் சக்கரத்தையும் சேர்த்து மூடும் காற்சட்டை போன்ற பெரிய உறைகளைப் பொருத்தினார். பொறியியல் வரலாற்றை எழுதிய வால்டர் வின்சென்டி 1994இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்றில் இதை 'நார்த்ராப் முரண்' என்றே பெயரிட்டு ஆராய்ந்தார். மடங்கும் சக்கரமே எதிர்காலம் என்பது பின்னாளில் திரும்பிப் பார்ப்பவர்களுக்குத்தான் வெளிப்படையாகத் தெரிகிறது; அன்றைய வேகங்களில், எடையையும் சிக்கலையும் கூட்டிக் கழித்துப் பார்த்த நார்த்ராப்பின் முடிவு பிழையானதன்று. வேகம் மேலும் உயர்ந்த பிறகே தராசு மறுபக்கம் சாய்ந்தது. வீட்டில் கட்டப்படும் விமானங்களுள் மிகப் பல இன்றும் நார்த்ராப் நின்ற அதே வேக எல்லையில்தான் பறக்கின்றன என்பதால், அந்தப் பழைய வழக்கு அவற்றைக் கட்டுபவர்களுக்கு இன்னும் தீர்ந்துபோகவில்லை.

நிலைச்சக்கரத்தின் தடையைக் குறைக்கும் வழி காற்றோட்டத்தின் ஓர் எளிய உண்மையைச் சார்ந்திருக்கிறது. உருண்டையான ஒரு குழாயைக் காற்றில் குறுக்கே பிடித்தால், அதன் பின்புறத்தில் காற்று ஒட்டிச் செல்ல முடியாமல் பிரிந்து சுழல்கிறது. அதே தடிமனில், முன்புறம் மழுங்கலாகவும் பின்புறம் நீண்டு கூர்மையாகவும் அமைந்த மீன்வடிவ உறையை அதன்மேல் மாட்டினால் தடை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். ஆகவே கால் எவ்வளவு மெலிந்தது என்பதைக் காட்டிலும் எத்தகைய உறைக்குள் இருக்கிறது என்பதே முதன்மையாகிறது. மெலிந்த கால் என்ற வகையிலும் ஒரு பெரும் முன்னேற்றம் ஆஷ்காஷ் நகரிலேயே நிகழ்ந்தது. பந்தய விமானங்களைத் தாமே கட்டிப் பறந்த ஸ்டீவ் விட்மன், குழாய்களும் அதிர்வு தாங்கிகளும் சேர்ந்த சிக்கலான காலுக்குப் பதிலாக வளைந்துகொடுக்கும் ஒற்றை எஃகுப் பட்டையையே காலாக வைத்தார்; செஸ்னா நிறுவனம் அந்த அமைப்பின் உரிமையைப் பெற்றுத் தன் விமானங்களில் பயன்படுத்தியது. பிற்பாடு அவர் பட்டைக்குப் பதிலாக, மேலிருந்து கீழ் மெலிந்து வரும் உருண்டை எஃகுத் தண்டைப் புகுத்தினார். மூட்டும் இல்லை, எண்ணெய் கசியும் இடமும் இல்லை. விமானம் தரையில் மோதும் விசையை அந்தத் தண்டே வளைந்து வாங்கிக்கொள்கிறது.

கால், சக்கரம் ஆகியவற்றுக்கு உறையிட்ட பின்னும் ஓர் ஓட்டை மீதியிருக்கும். காலும் உடற்பகுதியும் சேரும் மூலை, காலும் சக்கர உறையும் சேரும் மூலை ஆகிய இடங்களில் இரண்டு பரப்புகளின் காற்றோட்டங்கள் ஒன்றையொன்று குழப்புவதால், தனித்தனியே அளந்தால் வரும் தடைகளின் கூட்டுத்தொகையைவிடக் கூடுதலான தடை பிறக்கிறது. அனுபவமில்லாதவர் கைவிட்டுவிடும் இம்மூலைகளைக் கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு வழவழப்பாக நிரப்புவதே தேர்ந்தவரின் வேலை. இதன் எல்லை எதுவரை செல்லும் என்பதற்கு கலிஃபோர்னியாவின் மைக் ஆர்னால்ட் கட்டிய ஏஆர்-5 என்ற ஓராள் விமானம் சான்று. அதன் எஞ்சின் 65 குதிரைத்திறன் மட்டுமே கொண்ட இருவீச்சு ரோட்டாக்ஸ். அதன் சக்கரங்கள் மடங்காதவை. அவ்விமானம் 1992இல் மணிக்கு 213 மைல், அதாவது ஏறத்தாழ 343 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து தன் எடைவகுப்பில் உலகச் சாதனை படைத்தது. காற்றுக்கு அது காட்டிய தடை முழுவதையும் ஒரு தட்டைப் பலகையின் பரப்பாகக் கணக்கிட்டால் ஒரு சதுர அடிக்கும் குறைவு. சக்கரத்தை மடக்காததால்தான் தம் விமானம் வேகமாகப் போகவில்லை என்று வருந்துபவர் முதலில் தம் எஞ்சின் மூடியின் காற்றுவாய்களையும் இறக்கை அடியின் இடுக்குகளையும் பார்க்க வேண்டும் என்று இதிலிருந்து கொள்வது மிகையாகாது.

இனி மறுபக்கச் செலவு. மடங்கும் சக்கரம் என்பது ஒரு சக்கரத்தோடு ஒரு கீலைச் சேர்ப்பது அன்று. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் முறையானால் மின்பம்பு, எண்ணெய்க் கலம், ஒவ்வொரு காலுக்கும் ஒரு சிலிண்டர், குழாய்கள், வால்வுகள் ஆகியன வேண்டும். இத்தாலியரான ஸ்டெலியோ ஃப்ராட்டி 1950களில் வடிவமைத்துப் பின்னர் அமெரிக்காவில் வீட்டில் கட்டுவதற்கான வரைபடங்களாகவும் தொகுப்பாகவும் விற்கப்பட்ட ஃபால்கோ என்ற அழகிய மர விமானத்தைப்போல் மின்முறையானால், மோட்டாரும் திருகுத் தண்டுகளும், மோட்டார் பழுதானால் கையால் சுற்றுவதற்கான கைப்பிடியும் வேண்டும். இவற்றோடு சக்கரக் குழிகளை மூடும் கதவுகள், விமானம் தரையில் நிற்கும்போது தவறுதலாக மடங்காமல் காக்கும் சுவிட்ச், விமானி அறையில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு பச்சை விளக்கு என்று பட்டியல் நீளும். கூடுகிற எடை எரிபொருளிலிருந்தோ பயணியின் பெட்டியிலிருந்தோதான் கழிக்கப்படும். இறக்கையில் வெட்டப்படும் சக்கரக் குழி வேறொரு விலையைக் கேட்கிறது: முறுக்கத்தைத் தாங்கும் மூடிய பெட்டியாக இருக்க வேண்டிய இறக்கைத் தோலில் ஓட்டை விழுவதால் ஓரங்களை வலுப்படுத்த வேண்டியிருக்கிறது, எரிபொருள் தொட்டிக்கு உரிய இடமும் சுருங்குகிறது.

இவ்வமைப்பின் உயிர்நாடி பூட்டு. காலை விரித்த நிலையில் தாங்கும் இணைப்புச் சட்டம் நடுவில் ஒரு மூட்டோடு இரண்டு துண்டுகளாக அமைந்திருக்கும். அவ்விரண்டும் ஒரே நேர்கோட்டுக்கு வந்ததோடு நில்லாமல், அந்தக் கோட்டைச் சற்றே கடந்து மறுபுறம் சாய்ந்து ஒரு தடுப்பின்மேல் அமர வேண்டும். நிமிர்ந்து நிற்பவரின் முழங்கால் பின்னுக்குச் சென்று இறுகிக்கொள்வதைப்போல, அந்நிலையில் விமானத்தின் எடை கூடக்கூட மூட்டு மேலும் இறுகுமே தவிர மடங்காது. கோட்டைக் கடக்காமல் ஒரு மயிரிழை முன்னதாக நின்றுவிட்டாலோ அதே எடை அதை மடக்கித் தள்ளிவிடும். மூட்டு அமர்ந்துவிட்டதை ஒரு நுண்சுவிட்ச் தொட்டுணர்ந்து பச்சை விளக்கை ஏற்றுகிறது. அந்தச் சுவிட்ச் சிறிது தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தால், பூட்டு விழாமலேயே விளக்கு எரியும், அல்லது பூட்டு விழுந்தும் விளக்கு எரியாது. முதலாவது தவறு விமானத்தை உடைக்கும். இரண்டாவது விமானியை அவசியமில்லாமல் வானில் வட்டமிட வைக்கும். ஆகவே விமானத்தை ஜாக்கிகளின்மேல் ஏற்றி, சக்கரங்களைப் பலமுறை மடக்கியும் விரித்தும், ஒவ்வொரு முறையும் மூட்டை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தும் அளந்தும் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அது கட்டும் காலத்தோடு முடிகிற வேலையும் அன்று. ஆண்டுதோறும் சோதனையின்போது திரும்பச் செய்ய வேண்டியது.

பொறி நன்றாக இருந்தும் மனிதர் மறந்துவிடுவது இதைவிடப் பழைய தொல்லை. சக்கரத்தை இறக்க மறந்து வயிற்றால் தரையிறங்கும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் உயிருக்குச் சேதம் வருவதில்லை. ஆனால் புரொப்பெல்லர் தரையைக் கொத்தி வளைந்துபோகிறது, அந்த அதிர்ச்சியை வாங்கிய எஞ்சினைப் பிரித்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது, பல ஆண்டு உழைப்பில் வழவழப்பாக்கிய அடிவயிறு சில நொடிகளில் தேய்ந்துபோகிறது. எஞ்சின் விசையைக் குறைத்தும் சக்கரம் இறங்காதிருந்தால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி உண்டு. காற்றும் ரேடியோப் பேச்சும் கலந்த இரைச்சலில் அது காதில் விழுந்தும் மனத்தில் பதியாமல் போவதும் உண்டு. காப்பீட்டு நிறுவனங்கள் மடங்கும் சக்கரத்துக்குக் கூடுதல் தவணை கேட்பதற்கும், அத்தகைய விமானத்தில் விமானிக்குள்ள பறப்பு மணிநேரத்தை விசாரிப்பதற்கும் காரணம் இதுவே.

எனினும் மடங்கும் சக்கரத்துக்கு வேகம் தவிர வேறு நியாயமே இல்லை என்று சொல்வது ஒருதலைப்பட்சமாகும். நடுவானில் எஞ்சின் நின்றால் சக்கரம் மடங்கிய விமானம் மேலும் தொலைவு சறுக்கிச் செல்லும். உழுத வயலிலோ நீரிலோ இறங்க நேர்ந்தால், மண்ணில் புதைந்து மூக்கைக் குத்திக் கவிழ்க்கும் சக்கரங்கள் இல்லாதிருப்பதே நல்லது. உயரத்திலிருந்து விரைவாக இறங்க வேண்டியபோது, விரித்த சக்கரங்கள் காற்றுத்தடுப்பானாகவும் உதவும்.

சக்கரத்தை மடக்குவதில் மிகச் சாதுரியமான தீர்வுகள் வேகத்தை முதன்மையாகக் கருதாதவர்களிடமிருந்து வந்திருக்கின்றன என்பது கவனிக்கத் தக்கது. பர்ட் ரூட்டான் 1975இல் பறக்கவிட்ட வேரிஈஸி, 1979இல் வந்த லாங்-ஈஸி ஆகிய இரண்டிலும் புரொப்பெல்லரும் எஞ்சினும் பின்னால் இருக்கின்றன. ஆள் ஏறாத நிலையில் விமானம் பின்பக்கம் சாய்ந்துவிடக்கூடும். ரூட்டான் முதன்மைச் சக்கரங்களைக் கண்ணாடியிழையாலான வளைந்த ஒற்றைக் காலில் நிலையாக நிறுத்திவிட்டு, மூக்குச் சக்கரத்தை மட்டும் விமானி கையால் சுற்றி மடக்கும்படி அமைத்தார். தரையில் நிறுத்தும்போது அதை மடக்கினால் விமானம் மூக்கைத் தரையில் ஊன்றி மண்டியிட்டதுபோல் நிற்கிறது. சாயாது, ஏறுவதற்கும் எளிது, பின்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்றுபவரை நோக்கி உருண்டும் வராது. பறக்கும்போது தடை குறைவதைக் கூடுதல் ஆதாயம் என்றே சொல்லலாம். இந்த லாங்-ஈஸி வடிவத்தை ஆதாரமாகக் கொண்டு பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகம் 1987இல் ஓர் ஆய்வு விமானத்தைப் பறக்கவிட்டதும் உண்டு.

இங்கிலாந்தில் ஐவன் ஷா வடிவமைத்து 1992இல் பறந்த யூரோப்பாவின் தீர்வு இன்னும் துணிச்சலானது. அதில் வயிற்றுக்கடியில் ஒரே ஒரு பெரிய சக்கரம். விமானம் பக்கவாட்டில் சாயாமலிருக்க இறக்கைகளில் சிறு முட்டுச் சக்கரங்கள். சக்கரத்தை இறக்குவதும், முட்டுகளை இறக்குவதும், இறக்கையின் பின்விளிம்பிலிருந்து தாழ்ந்து குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்கும் மடிப்பலகைகளை இறக்குவதும் ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே நெம்புகோல் செய்கிறது. மடிப்பலகை இறங்காவிட்டால் விமானம் மெதுவாகாது என்பதை விமானி உடனே உணர்வார். அதனால் சக்கரத்தை மட்டும் மறப்பதென்பது இயலாததாகிறது. மோட்டாரும் எண்ணெயும் இன்றி மறதிக்கு மருந்து கண்ட இவ்வமைப்பு பாராட்டத்தக்கது. ஆயினும் ஒற்றைச் சக்கரத்தில் ஓடுபாதையில் சமாளிக்கத் தனிப் பழக்கம் வேண்டியிருந்ததால், பின்னர் மூன்று நிலைச்சக்கரங்களோடும் யூரோப்பா விற்கப்பட்டது.

நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானங்களில் கேள்வியே தலைகீழாகிறது. அங்கே சக்கரம் மடங்கியே ஆக வேண்டும். மறதியின் ஆபத்தும் இடம் மாறுகிறது. ஓடுபாதையில் சக்கரமின்றி இறங்கினால் அடிப்பகுதி தேய்வதோடு போகும். சக்கரத்தை விரித்தபடி நீரில் இறங்கினாலோ சக்கரங்கள் நீரைக் கவ்வி விமானம் குப்புறக் கவிழக்கூடும், உள்ளே இருப்பவர்கள் தலைகீழாக நீரில் மூழ்கவும் கூடும். 2004இல் அமெரிக்க அரசு இலகு விளையாட்டு விமானம் என்ற எளிய வகுப்பை உருவாக்கியபோது சாதாரண விமானங்களுக்கு நிலைச்சக்கரத்தைக் கட்டாயமாக்கி, நீர்நில விமானங்களுக்கு விலக்களித்தது இந்தத் தேவையை உணர்ந்துதான்.

சந்தையின் தீர்ப்பைப் பார்த்தால், ஓரிகான் மாநிலத்தின் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் நிறுவிய வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வரிசைதான் உலகில் மிகுதியாகக் கட்டப்பட்ட தொகுப்பு விமானம். பறந்துவிட்டவை பத்தாயிரத்துக்கும் மேல். 1971இல் பறந்த ஆர்வி-3 முதல் நான்கு பேர் அமரும் ஆர்வி-10 வரை அனைத்தும் நிலைச்சக்கரம். 200 குதிரைத்திறன் எஞ்சினோடு ஆர்வி-7 மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. சிறிய புல்வெளி ஓடுபாதைகளிலும் இறங்குகிறது. மறுமுனையில் லான்ஸ் நெய்பவரின் லான்கேர் நிறுவனம் மடங்கும் சக்கர விமானங்களால் புகழ்பெற்றது. அதன் லான்கேர் IV, 350 குதிரைத்திறனோடு உயரத்தில் மணிக்கு 500 கிலோமீட்டரைக் கடக்கும். அதே நிறுவனம் லான்கேர் இஎஸ் என்ற நிலைச்சக்கர விமானத்தையும் விற்றது. அது வேகத்தில் குறைந்தது என்றாலும் அந்த வேறுபாடு முழுவதையும் சக்கரத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது, ஏனெனில் இறக்கையும் வேறு, எஞ்சினின் திறனும் வேறு. இஎஸ் வடிவத்திலிருந்து பிறந்த கொலம்பியா விமானம் 1998இல் அரசுச் சான்று பெற்றுத் தொழிற்சாலை விமானமாக வெளிவந்தபோதும், அதன் டர்போ வகை மணிக்கு ஏறத்தாழ 435 கிலோமீட்டரை எட்டியபோதும் சக்கரங்கள் மடங்கவில்லை. சிரஸ் நிறுவனத்தின் கதையும் இதே திசையில் செல்கிறது: 1988இல் பறந்த அதன் முதல் தொகுப்பு விமானமான விகே-30க்கு மடங்கும் சக்கரம், பெருவெற்றி பெற்ற எஸ்ஆர்20, எஸ்ஆர்22 இரண்டுக்கும் நிலைச்சக்கரம். மணிக்கு 400 கிலோமீட்டர் அளவுக்குக் கீழே பறக்கத் திட்டமிடுபவருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட வேகத்தில், நீண்ட தொலைவுக்கு, உயரத்தில் பறக்க விரும்புபவருக்கே மடக்குவதன் ஆதாயம் செலவை ஈடுகட்டுகிறது.

ஒரே விமானத்தை இருவகையிலும் விற்ற நிறுவனங்களும் உண்டு. ஸ்டாடர்ட்-ஹாமில்டனின் கிளாசேர், வால்சக்கரம், மூக்குச் சக்கரத்தோடு கூடிய நிலைச்சக்கரம், மடங்கும் சக்கரம் என்று மூன்று வடிவங்களில் கிடைத்தது. இத்தகைய தொகுப்பில் தேர்வு எளிது. ஒவ்வொரு வடிவத்தின் கணக்கையும் வடிவமைப்பாளரே செய்துவிட்டிருப்பார். கட்டுபவர் தாமாகவே வடிவத்தை மாற்ற முனையும்போதுதான் சிக்கல். கென் ராண்ட் 1970களில் வடிவமைத்த கேஆர்-2, வோக்ஸ்வேகன் கார் எஞ்சினோடு மலிவாகக் கட்டக்கூடியது. அதன் சக்கரங்கள் விமானி நெம்புகோலை இழுத்தால் பின்னோக்கி மடங்கும்படி அமைந்திருந்தன. கட்டியவர்களுள் பலர் அவற்றை விட்டு நிலைச்சக்கரத்துக்கு மாறினர். அந்தத் திசையில் மாறுவது ஓரளவு எளிது: பொறிகளை நீக்கி, வலுவான ஓர் இடத்தில் காலைப் பொருத்தினால் போதும். எதிர்த் திசையில், நிலைச்சக்கரத்துக்காக வகுத்த இறக்கையில் குழி வெட்டி மடங்கும் சக்கரத்தைப் புகுத்த நினைப்பவர், இறக்கையின் வலிமை, எரிபொருளின் இடம், மடங்கும்போது எடைமையம் நகரும் தொலைவு ஆகிய மூன்றையும் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கும். அவர் கட்டுவது அதற்குப் பின் தொகுப்பு விமானம் அன்று, தாமே வடிவமைத்த புது விமானம், அதன் முதல் சோதனை விமானியும் அவரே.